காற்றை இறக்கினால் மட்டும் போதுமா?



வழக்கமாக இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிவரும் இவ்விடத்தில் இன்று வண்டியைப் பற்றி எழுதுகிறேன். வியப்படைய வேண்டாம். சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து கேட்ட கேள்விக்கு அங்கே என்னால் முழுமையாக மறுமொழி கூற இயலவில்லை. நேரம் போதவில்லை, பேச்சிலும் சற்றுச் சூடு ஏறிவிட்டது. எழுத்தில் சொன்னால் நிதானமாகச் சொல்லலாம் அல்லவா?

அவர் கேட்டது இதுதான்: "ஐயா, புள்ளைங்களுக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கவே சங்கத்துல காசு பத்தல. இதுல வண்டிக்குக் காத்தடிக்கிற மிஷின் எதுக்கு?"

நியாயமான கேள்வி. பின்னணி அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி தோட்டத்தை விட்டு வெளியே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மாணவர்களில் பெரும்பாலோர் இன்று தாமான் வீடுகளிலிருந்து வருகின்றனர். ஆயினும் சில குடும்பங்கள் இன்னும் தோட்டத்து லயங்களிலேயே வாழ்கின்றன. மழைக்காலத்தில் பள்ளிப் பேருந்து தோட்ட வாயிலுக்கு உள்ளே வராது. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. குலை ஏற்றும் லாரிகள் உழுதுபோட்ட சாலையில் பேருந்து எப்படி வரும்? ஆகவே நானும் ஒரு மாணவியின் தந்தையும், எங்களிடம் நான்கு சக்கர இயக்க வண்டிகள் இருப்பதால், மழை வலுக்கும் வாரங்களில் முறை வைத்துப் பிள்ளைகளை ஏற்றி வருகிறோம். காசு வாங்குவதில்லை. பின்தட்டில் ஏற்றுவதும் இல்லை. இருக்கைக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு வார்ப்பட்டை என்பதே கணக்கு.

இவ்வண்டிகளில் நிலையாகப் பொருத்தும் காற்றழுத்தி ஒன்றைச் சங்கச் செலவில் வாங்கலாமா என்பதே விவாதம். பட்டறைகளில் இதனைக் 'கம்ப்ரசர்' என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: டயருக்குக் காற்றேற்றுவது.

நம் வட்டாரத்து மண்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர் ஒரே மண்ணில் ஓட்டுவதில்லை. புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்து மேட்டு நிலத்தில் செம்மண்; காய்ந்தால் சலவைப் பலகை போல் வரிவரியாகி எலும்பை உலுக்கும், நனைந்தால் சவர்க்காரம். ஜெராம், தஞ்சோங் காராங் கரையோரம் கடற்களிமண். ஒட்டிக்கொண்டால் டயரின் வெட்டுகளை எல்லாம் அடைத்துவிடும். ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பு நிலம். அங்கே சாலை மண்மேல் கிடப்பதில்லை, மிதக்கிறது. நம் ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னும் அழைக்கும் பெரியவர்களுக்கு நான்காவது மண்ணும் தெரியும். ஈயம் தோண்டி எடுத்தபின் விட்டுச்சென்ற வெள்ளை மணல் அது. அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றியது 2007இல்; மணல் மட்டும் மாறவே இல்லை.

நான் முதன்முதலில் சிக்கிக்கொண்டது அந்த மணலில்தான். முடுக்க முடுக்கச் சக்கரம் கீழே இறங்கியது. அப்போது அவ்வழியே வந்த ஓய்வுபெற்ற டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் கயிறும் கேட்கவில்லை, பலகையும் கேட்கவில்லை. "தம்பி, மொதல்ல காத்த எறக்கு" என்றார். நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை விட்டோம். வண்டி தானே நடந்து வெளியே வந்தது.

இதன் காரணம் நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் புரியும். வண்டியின் எடை 2000 கிலோ எனக் கொள்வோம்; ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. டயரில் 35 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால், அது சதுரச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. ஆக, 500 கிலோவைத் தாங்க 200 சதுரச் சென்டிமீட்டர் தரையில் பதிய வேண்டும். ஓர் அஞ்சலட்டையை விடச் சற்றுப் பெரிய பரப்பு. அழுத்தத்தை 18க்கு இறக்கினால் அப்பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் கணக்கு இவ்வளவு துல்லியமாக அமையாது. எனினும் போக்கு இதுவே. வெறுங்காலோடு சேற்றில் நடப்பவனுக்கும் பலகையை மிதித்து நடப்பவனுக்கும் உள்ள வேறுபாடுதான்.

எல்லா மண்ணுக்கும் இது மருந்தாகாது என்பதையும் சொல்ல வேண்டும். மணலிலும் சதுப்பிலும் பெரும் பயன் தரும். செம்மண்ணில் குலுக்கலைக் குறைத்து, பிடிப்பைக் கூட்டும். ஒட்டும் களிமண்ணிலோ பெரிய அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கீழே கெட்டித் தரை இருக்கும் இடங்களில் காற்று நிறைந்த டயர் களியை அறுத்துக்கொண்டு போய்த் தரையைப் பற்றுவதும் உண்டு. மேலும், 12 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் திருப்பங்களில் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடலாம். தோட்டச் சாலைக்கு 18 முதல் 20 வரை போதும் என்பது என் அனுபவம்.

இஃது ஒன்றும் புதுமையன்று. 1942இல் அமெரிக்கர் உருவாக்கிய 'டக்' எனும் நீர்நில லாரியில், ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே ஓடும் வண்டியின் டயர் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது. கடற்கரை மணலில் ஏறும்போது குறைப்பார்கள். சாலைக்கு வந்ததும் கூட்டுவார்கள். மென்மையான கரை வண்டிகளை என்ன செய்யும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிப் கடற்கரையில் இறங்கியபோது பல வண்டிகள் அங்கேயே புதைந்து நின்றன. பள்ளிச் சுற்றுலாவில் மோரிப் செல்லும் ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

'டக்' வண்டியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இறக்கும் வசதியை மட்டும் அவர்கள் செய்யவில்லை; ஏற்றும் வசதியையும் சேர்த்தே செய்தார்கள். நம்மில் பலர் பாதியோடு நின்றுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்தக் காலை

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதம். இரவெல்லாம் மழை. விடியுமுன் தோட்ட வாயிலில் டயர்களை 16க்கு இறக்கி உள்ளே போனேன். நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையோரம் வந்து சேர்ந்தபோது மணி 6.35. சிகரெட் கொளுத்தியின் துளையில் செருகும் சிறு காற்றழுத்தி ஒன்று என்னிடம் இருந்தது. மலிவாக வாங்கியது. முதல் டயருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. இரண்டாவது டயர் பாதி ஏறியபோது பிளாஸ்டிக் தீயும் நாற்றம். பிறகு ஓசை நின்றது.

எண்ணெய் நிலையம் ஒன்பது கிலோமீட்டர் தொலைவில். மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளி மணியடிக்க நேரம் அதிகமில்லை. மெதுவாகப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் விடியற்காலைச் சாலையில் மெதுவாகப் போக விடுவார்களா? பின்னால் வந்த லாரி விளக்கை அடித்து அடித்து நெருங்கியது. நானும் வேகத்தைக் கூட்டினேன். ஒரு வளைவில் வண்டியின் பின்பகுதி தனியே நகர்வது போல் ஆடியது. பின்னிருக்கையிலிருந்து இரண்டாம் ஆண்டு மாணவி கேட்டாள்: "ஐயா, வண்டி ஏன் ஆடுது?"

"சாலை சரியில்லம்மா" என்றேன்.

சாலை நன்றாகத்தான் இருந்தது. வகுப்பில் பொய் பேசாதே என்று சொல்லிக்கொடுக்கும் வாயால் சொன்ன பொய் அது. அதனை இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் பின் டயர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே கருப்பு இரப்பர்த் தூள் கொட்டிக் கிடந்தது. பக்கச்சுவரின் உட்புறத்தைச் சுற்றி வளையமாகத் தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது டயர்! காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. வேகத்தில் அந்த மடிப்பே வெப்பமாகிறது. வெப்பம் இரப்பரையும் உள்ளிருக்கும் இழைகளையும் பிரிக்கிறது. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பட்டறைக்காரர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இதைத் தனி மனிதரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 6.5 மில்லியன் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றுள் பல ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. டயரின் மேற்பட்டை ஓட்டத்தில் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. அது குறைவு என்று டயர் நிறுவனமும், டயரே பழுது என்று வண்டி நிறுவனமும் வாதிட்டன. வாதம் எப்படியிருந்தாலும், அதன்பின் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தால்தான் புதிய வண்டிகளில் டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமாயிற்று. 26க்கே அவ்வளவு வாதம் என்றால், நான் அன்று பிள்ளைகளோடு ஓட்டியது 16இல்.

எனவே என் கருத்து இதுதான்: தார்ச்சாலையில் ஏறுமுன் காற்றை நிரப்ப வழியில்லாதவர், தோட்டச் சாலையில் காற்றை இறக்கவே கூடாது. இறக்காமல் அச்சாலையில் போக முடியாதென்றால், காற்றழுத்தி அந்த வண்டியின் ஓர் உறுப்பு.

எதை வாங்குவது?

கடைகளில் எண்களைக் காட்டி மயக்குவார்கள். 150 பி.எஸ்.ஐ. என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது 35 மட்டுமே. 150 என்பதால் நமக்கு ஆதாயம் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றுத் தரும்? ஓய்வின்றி எவ்வளவு நேரம் ஓடும்?

முதல் கேள்விக்கு ஆறாம் ஆண்டுக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 265/70 ஆர்16 அளவு டயரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 70 லிட்டர். 18இலிருந்து 35க்கு ஏற்ற வேண்டும், வேறுபாடு 17. வெளிக்காற்றின் அழுத்தம் 14.7. பதினேழை 14.7ஆல் வகுத்தால் 1.16. அதனை 70ஆல் பெருக்கினால் 81 லிட்டர். நான்கு டயருக்கு 324 லிட்டர்.

என் பழைய செருகு கருவி ஒரு டயருக்கு ஏழு நிமிடம் எடுத்தது அல்லவா? அப்படியானால் நிமிடத்துக்கு 12 லிட்டர்கூட வரவில்லை. நான்கு டயருக்கு 28 நிமிடம். இடையே ஆறவும் விட வேண்டும். அதன்மேல் குற்றமில்லை. கொளுத்தித் துளையின் உருகி பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அவ்வளவு மின்சாரத்தில் அவ்வளவு காற்றுத்தான் வரும். மைவி ஓட்டும் பெற்றோர் ஒரு டயரில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. குறைந்தால் நிரப்பிக்கொள்ள அஃது ஏற்ற கருவியே. இப்போது வரும் லித்தியம் மின்கலக் கருவிகளும் அப்படித்தான். கைக்கு அடக்கமானவை, காருக்கு நல்லவை. நான்கு பெரிய டயர்களை நாள்தோறும் 17 பி.எஸ்.ஐ. உயர்த்துவதற்கு அவை பிறக்கவில்லை.

அடுத்து, வண்டியிலேயே பொருத்தும் வகை. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். விளம்பரத்துக்கன்று, அதன் அளவுகள் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதால். அதன் ஒற்றை உந்துதண்டுக் காற்றழுத்தி, 29 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு எதிராக நிமிடத்துக்கு ஏறத்தாழ 61 லிட்டர் தருகிறது. 324ஐ 61ஆல் வகுத்தால் ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவு. குழாயை டயருக்கு டயர் மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் எட்டு நிமிடம். இரட்டை உந்துதண்டு வகை ஏறத்தாழ 131 லிட்டர் தருகிறது. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் விலை ஏறத்தாழ இரு மடங்கு. 50 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்தச் சங்கப் பணத்தில் இரு மடங்கு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டுப் பயணக் குழுவோடு செல்பவர்க்கு, 33 அங்குல டயர் வைத்திருப்பவர்க்கு அது தேவைப்படலாம். நாம் தோட்ட வாயிலிலிருந்து பள்ளிக்குப் போகிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே இரட்டை வகை, எதிரழுத்தம் இல்லாதபோது 174 லிட்டர் தரும். சில நிறுவனங்கள் இந்தப் பெரிய எண்ணை மட்டுமே பெட்டியில் போடுவார்கள். எதிரழுத்தத்தோடு எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

இரண்டாவது கேள்வி ஓட்ட விழுக்காடு. வயேர் நிறுவனத்தின் 400 வரிசையில் '100 பி.எஸ்.ஐ.யில் 33 விழுக்காடு' என்று போட்டிருக்கும். ஒரு பங்கு ஓடினால் இரு பங்கு ஓய்வு என்பது பொருள். டயருக்கு வேண்டிய குறைந்த அழுத்தத்தில் அது மேலும் நீண்ட நேரம் ஓடும். நமக்கு வேண்டியது எட்டு நிமிடம் என்பதால் இத்தகைய நடுத்தரக் கருவிகளும் தாங்கும். இந்த எண்ணையே அச்சிடாத கருவியை வாங்க வேண்டாம். நான் எரித்தது அப்படிப்பட்டதுதான்.

காற்றுத் தொட்டி வேண்டுமா? கூட்டத்தில் ஒரு நண்பர் வற்புறுத்திக் கேட்டார். நான்கு லிட்டர்த் தொட்டியை 150 பி.எஸ்.ஐ. வரை நிரப்பினாலும், 35க்கு மேலே நமக்குப் பயன்படும் காற்று 31 லிட்டர். ஒரு டயருக்கே 81 வேண்டும்! பாதி டயர்கூட நிரம்பாது. தொட்டி என்பது காற்றுக் கருவிகளுக்கும், காற்றில் இயங்கும் அச்சுப் பூட்டுக்கும், பெரிய ஊதுகுழலுக்கும் உரியது. போதாக்குறைக்கு நம் நாட்டு ஈரக்காற்றில் தொட்டிக்குள் தண்ணீர் சேரும். அடிக்கடி வடிக்காவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும். வேண்டாம் என்பதே என் வாக்கு.

பழைய வண்டிகளில் குளிர்சாதன அழுத்தியையே காற்றழுத்தியாக மாற்றித் தருவதாகச் சில பட்டறைகள் சொல்லும். யோர்க் வகை என்றால் அதற்குத் தன் எண்ணெய்த் தொட்டி உண்டு, நன்றாகவே உழைக்கும். மலைபோல் காற்றுத் தரும். இன்று பரவலாக உள்ள சாண்டன் வகைக்கு எண்ணெய் குளிர்வாயுவோடு கலந்தே வர வேண்டும். அதில் வெறுங்காற்றை ஓட்டுவதானால் எண்ணெய்க்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். டயருக்குள்ளும் எண்ணெய் போகும். கைவேலையில் தேர்ந்தவர் செய்துகொள்ளட்டும். பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு அந்தப் பரிசோதனை ஏன்?

பொருத்தும் இடமும் கம்பியும்

கருவியைவிட இதில்தான் பலர் தவறுகிறார்கள். அடிச்சட்டத்தின் கீழே இடம் இருக்கிறது என்று அங்கே மாட்டிவிடுவார்கள். நம் பக்கத்துச் சதுப்பு நீர் தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புளிப்பு நீர், அமிலத்தன்மை மிக்கது. உலோகத்தையும் மின்முனைகளையும் மெல்ல மெல்லத் தின்னும். இருக்கைக்கு அடியில் வைத்தால் நனையாது. ஆனால் ஓடியபின் கருவி கொதிக்கும், அருகிலேயே பிள்ளைகளின் கால். எனவே இயந்திரப் பகுதியில், மேலே, புகைபோக்கிக் குழாயிலிருந்து விலகி, காற்று வடிகட்டிக்குச் சேறு எட்டாத இடத்தில் பொருத்துவதே நன்று. மின்கலமும் அருகிலேயே இருக்கும். கம்பியின் நீளமும் குறையும்.

கம்பி 6 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும். உருகி மின்கலத்துக்கு அருகில் இருக்க வேண்டும். கருவிக்கு அருகில் வைத்தால் இடையில் கம்பி உரசித் தீப்பிடிக்கும்போது அதனால் பயனில்லை. பெரிய மின்னோட்டம் ரிலே வழியே போகட்டும். விசை சிறியதாக இருக்கட்டும். இயந்திரத் திறவுகோல் திறந்திருந்தால் மட்டுமே கருவி ஓடும்படி இணையுங்கள். விசை என்றால் அழுத்திப் பார்க்காத பிள்ளை உலகில் உண்டா? காற்றேற்றும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று நிரம்பும், மின்கலம் தீரும்.

பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லும் வகையிலும் இதே அளவு திறன் உள்ள கருவிகள் உண்டு. நேரே மின்கலத்தில் கவ்வி மாட்டலாம். வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் மனித இயல்பையும் எண்ணிப் பாருங்கள். விடியாத காலை, மழை, ஆறு புத்தகப்பைகளுக்கு அடியில் பெட்டி. 'இன்று ஒரு நாள் இப்படியே போய்விடலாம்' என்றுதான் தோன்றும். எனக்குத் தோன்றியது. விசையைத் தட்டினால் போதும் என்றிருந்தால் அந்தச் சோம்பலுக்கு இடமில்லை.

இன்னொரு பயனையும் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது நம் மாவட்டத்தில்தான். 1917இல், தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டத்துரையால். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் செம்பனை! இரப்பர் மரம் வண்டிக்கு டயரைக் கொடுத்தது. செம்பனை மட்டையின் முள்ளோ அந்த டயரைக் குத்துகிறது. வெட்டிப்போட்ட மட்டையில் ஏறி இறங்கிய நாளில் தெரியாது; மறுநாள் காலையில் ஒரு சக்கரம் சப்பையாக நிற்கும். மேற்பட்டையில் குத்தியிருந்தால் இரப்பர்த் திரி செருகிக் காற்றடித்துப் பட்டறை வரை போய்விடலாம். பக்கச்சுவர் என்றால் திரி கூடாது, மாற்றுச் சக்கரம்தான். திரிப்பெட்டியின் விலை மிகக் குறைவு. காற்றழுத்தி இல்லாவிட்டால் அதனால் பாதிப் பயன்தான்.

அழுத்தமானி மறக்கக்கூடாதது. ஒரே டயரில் மூன்று அழுத்தமானிகளை வைத்துப் பார்த்தேன். 31, 33, 35 என்று காட்டின. நல்லதாக ஒன்றை வாங்கி, இரு வண்டிகளுக்கும் அதையே பயன்படுத்துவது நலம். டயர் குளிர்ந்திருக்கும் காலையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறியபின் எண் கூடிக் காட்டும், அதை நம்பிக் காற்றை விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தந்தைக்கு

உங்கள் கேள்வியில் நான் மறுக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. சங்கப் பணத்தில் வாங்கிய பொருளை என் வண்டியில் முடுக்கிவிட்டால் அது யாருடையது? எனக்கு மாற்றல் வந்தால் வண்டியோடு அதுவும் போய்விடுமா? கூட்டத்தில் இதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தவறில்லை.

ஆகவே என் முன்மொழிவை மாற்றிக்கொண்டேன். இரண்டு வண்டிக்கும் இரண்டு கருவி வேண்டாம்; நிலையாகப் பொருத்தும் ஒற்றைக் காற்றழுத்தி ஒன்றே போதும். மற்றவரின் வண்டிக்கு அவரே பெட்டி வகை ஒன்று வைத்திருக்கிறார், நல்ல கருவிதான். வாங்கும் கருவி சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறட்டும். நான்கு திருகாணிகளில் நிற்கும் பொருள் அது. நான் மாற்றலாகிப் போனாலோ, இப்பணியை விட்டாலோ, கழற்றி அடுத்து ஓட்டுபவரிடம் கொடுத்துவிடுவேன். கம்பி, ரிலே, உருகி, பொருத்தும் கூலி ஆகியவை என் செலவு. எரிந்துபோன அந்தப் பழைய கருவியைப் பள்ளி அறிவியல் அறையில் வைத்திருக்கிறேன். திறந்து பார்த்தால் உந்துதண்டும் உருளையும் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும்.

புத்தகத்துக்குப் பணம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த நான்கு பிள்ளைகள் மழை நாள்களில் வராமலிருந்தால் புத்தகம் யாருக்கு என்று கேட்க எனக்கு உரிமையில்லை. அப்படிக் கேட்டு வாதத்தில் வெல்ல விரும்பவும் இல்லை. பயிற்சிப் புத்தகத் தொகையிலிருந்து இதற்கு எடுக்கக்கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். விளையாட்டுப் போட்டி நாளில் உணவுக்கடை நடத்திக் கிடைத்த மிச்சத்திலிருந்து எடுக்கலாமா என்பதையே செயலவை பேசட்டும்.

அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. எட்டரைக்கே நான் அழுத்தமானியோடு வாயிலில் நிற்பேன். காரிலோ மோட்டார் சைக்கிளிலோ வரும் பெற்றோர் யாராயினும் டயரைக் காட்டலாம்; அளந்து எண்ணை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். உங்கள் வண்டிக்கு வேண்டிய அழுத்தம் ஓட்டுநர் கதவின் உட்பக்கச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். வரும் முன் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.